பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ஒரு ரூபாய்: கேட்கும் விலை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கீழவாசல்:
வணக்கம். அடுத்த வாரம் ஒரு நாணயக் கண்காட்சி. வியாபாரி ஒருவர் முன்கூட்டியே பட்டியல் அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஒரு ரூபாய் காசுகள் (விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி என்பவை தேய்மானத்தை வைத்துச் சொல்லும் தரங்கள்; விஎஃப்-ஐவிட எக்ஸ்எஃப் மேல், யுஎன்சி என்றால் புழங்காத காசு):

1907 எட்வர்ட், "எக்ஸ்எஃப்" – ரூ. 2,200
1918 ஐந்தாம் ஜார்ஜ், பம்பாய், "யுஎன்சி" – ரூ. 4,500
1911 ஐந்தாம் ஜார்ஜ், "விஎஃப்" – ரூ. 6,000
1944 ஆறாம் ஜார்ஜ், "முழு வெள்ளி" – ரூ. 1,500
1939 ஆறாம் ஜார்ஜ் – "விலை நேரில்"

கணக்குக்கு வெள்ளியைக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் ஒரே காசுக்கு 1,200-ம் போட்டிருக்கிறார்கள், 2 லட்சமும் போட்டிருக்கிறார்கள். எதை வைத்து ஒரு விலைக்கு வருவது? யாராவது படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோலாக்கணக்கு:
முதலில் உருக்கு விலையை, அதாவது காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலையை, போடுங்கள். 1835 முதல் 1939 வரை வந்த ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம் வரும். கிராம் 100 என்றால் 1,069 ரூபாய். அதற்குக் கீழே யாரும் நல்ல காசைத் தரமாட்டார்கள்; தந்தால் காசைச் சந்தேகப்படுங்கள். தேய்ந்த காசை 11.66 என்று கணக்கிடாமல் தராசில் வைத்து, வந்த எடையை 0.917-ஆல் பெருக்குங்கள்.

1940-ல் வெள்ளி காசின் எடையில் பாதியாகக் குறைந்தது. எடை அதே 11.66 கிராம்தான், ஆனால் வெள்ளி 5.83 கிராம். ஆக உங்கள் பட்டியலில் உள்ள 1944-க்கு உருக்கு விலை 583 ரூபாய். "முழு வெள்ளி" என்று எழுதியது தவறு. தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அந்தப் பட்டியலில் மற்ற வரிகளையும் இருமுறை படிக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். 1947 புலி ரூபாயையும் சிலர் வெள்ளி என்று விற்கிறார்கள். அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். வெள்ளி துளியும் இல்லை.

போலியைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். காசை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. பட்டால் காசின் எடையும் தராசில் ஏறிவிடும். 1939 வரையிலான ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி 1.22. ஜெர்மன் சில்வரில் (வெள்ளியே இல்லாத உலோகக் கலவை) செய்த போலி 1.3-ஐத் தாண்டும். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், நல்ல காசும் போலி போலத் தெரியும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் விட்டால் குமிழி ஒட்டாது. சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கண்காட்சி மேசையில் இதையெல்லாம் செய்ய முடியாது. அதனால் "7 நாளில் திருப்பி எடுத்துக்கொள்வேன்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒற்றைவிளக்கு:
தோலாக்கணக்கு சொன்னது அடி விலை. அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தரம்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலானோர் பணத்தை விடுவதும் இங்கேதான்.

1918-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச்சாலைகளும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கே வெள்ளிக்குக் கடும் பஞ்சம். அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியைப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இந்திய ரூபாய்க்காகவே வந்தது. இவ்வளவு மலிந்த ஆண்டு என்பதால், விஎஃப் தரத்தில் 1918-க்கு உருக்கு விலைக்கு மேல் கொஞ்சம்தான் கொடுக்கலாம். நாலு மடங்கு கேட்கிறார் என்றால் அது உண்மையான யுஎன்சி-யாக இருந்தே ஆக வேண்டும். ஏயு (லேசாகப் புழங்கிய) காசை யுஎன்சி என்று எழுதிவிடுவது சந்தையில் சாதாரணம். விலை ஏணியில் பெரிய தாவல் இருப்பதும் அந்தப் படியில்தான்.

பார்க்கும் முறை: ஒரே ஒரு விளக்கு, தலைக்கு மேலே. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் காசும் அழகாகத்தான் இருக்கும். காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றிவரும், எங்கும் அறுபடாது. மன்னரின் கன்னம், காதுமேல், கிரீடத்தின் மணிகள், தோள் ஆகிய மேடான இடங்களில் அந்தக் கீற்று மங்கி நின்றால் காசு புழங்கியிருக்கிறது. 1907 எட்வர்டுக்குத் தலையில் கிரீடம் இல்லை. காதையும் காதுக்கு மேலுள்ள முடியையும் பாருங்கள். முடி இழைகள் ஒட்டி ஒரே பரப்பாகிவிட்டால் அது எக்ஸ்எஃப் இல்லை, விஎஃப்தான்.

அடுத்தது கழுவின காசு. நம் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் தேய்ப்பதுபோல் காசையும் தேய்த்திருப்பார்கள். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். நூறு வருடத்துக் காசு புத்தம்புது வெள்ளையாக, ஆனால் சுழலும் ஒளி இல்லாமல் இருந்தால் அது தேய்த்ததுதான். இதற்கு நான் பாதி விலைக்கு மேல் தரச்சொல்ல மாட்டேன். காசுமாலையில் இருந்து கழற்றிய காசில் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும். 12 மணி நிலையில் விளிம்புக் கோடுகளை விரல் நகத்தால் தடவினால் ஓர் இடத்தில் வழுவழுவென்று அகப்படும். அபூர்வ ஆண்டாக இல்லாதவரை அதற்கு உருக்கு விலைதான்.

ஏலப்பட்டியல்:
இணையத்தில் 2 லட்சம் என்று பார்த்தீர்களே, அது கேட்ட விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பழைய காசு விற்றுத் தருகிறேன், கமிஷன் கட்டு, வரி கட்டு என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். இந்திய ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏல முடிவுகளைத் தளத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே தரம்: கடந்த ஒன்றரை வருடத்தில் குறைந்தது ஐந்து விற்பனை எடுங்கள். ஒரு கணக்குக்கு 2,600, 2,900, 3,000, 3,300, 7,500 என்று வருகிறது என்று வையுங்கள். சராசரி போடாதீர்கள், அந்த 7,500 எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடும். நடுவில் நிற்கும் 3,000-ஐ எடுங்கள். அந்த 7,500 ஏன் என்று படத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தரச்சான்று நிறுவனம் மூடிய பெட்டியிலிட்டுச் சான்று தந்த உயர்தரக் காசாக இருக்கும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. சில நிறுவனங்கள் சுத்தியல் விலையை (ஏலம் முடிந்த விலை) மட்டும் போடும், சில வாங்குபவர் நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்தோடு சேர்த்துப் போடும். 3,000 சுத்தியல் விலை, கட்டணம் 15% என்றால் 3,450. அதற்கு மேல் ஜிஎஸ்டி, கூரியர். ஆக மேசையில் 3,500 சொன்னால் அது ஏல விலைக்குச் சமம், கூடுதல் அல்ல.

தோலாக்கணக்கின் முறையில் ஒரு திருத்தம். உருக்கு விலையோடு பழைய கூடுதலை அப்படியே சேர்த்துவிடக் கூடாது. வெள்ளி ஏறும்போது சாதாரண ஆண்டுகளின் கூடுதல் சுருங்கும். 700 உருக்கு விலையில் 1,500-க்குப் போன காசு, 1,069-ல் 1,870-க்குப் போகாது. 1,500-க்கும் 1,600-க்கும் நடுவில் நிற்கும். அபூர்வ ஆண்டுகளுக்கு வெள்ளி விலை ஒரு பொருட்டே இல்லை.

கீழவாசல்:
மூவருக்கும் நன்றி. 1911, 1939 பற்றி யாரும் சொல்லவில்லையே? 1911-ஐ "பன்றி ரூபாய், எல்லாம் உருக்கிவிட்டார்கள்" என்கிறார்.

தோலாக்கணக்கு:
கதை உண்மைதான். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிந்தது, எதிர்ப்பு கிளம்பியது, 1912-ல் துதிக்கையும் காதும் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். அடித்ததில் பெரும்பகுதியை உருக்கினார்கள். ஆனாலும் ஏறத்தாழ 7 லட்சம் வெளியே போனது. எந்தப் பெரிய ஏலத்திலும் ஒன்றாவது இருக்கும். கதைக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஏலப்பட்டியல் சொன்னபடி ஐந்து விற்பனை பார்த்து முடிவு செய்யுங்கள். கூடவே, ஆண்டு எண்ணையும் யானையையும் சேர்த்துப் பாருங்கள். 1911 என்று எழுதி, யானை தெளிவாகத் துதிக்கையோடு இருந்தால் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள்.

1939 வேறு ரகம். உண்மையிலேயே அபூர்வம். அதனாலேயே 1938-ன் கடைசி 8-ஐ 9 ஆக்கி விற்கிறார்கள். லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றிச் சுரண்டிய வரி, நிறமாற்றம், பளபளப்பு இருக்கிறதா பாருங்கள். இரண்டு 9-களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வார்ப்புப் போலி என்றால் எழுத்தோரம் மழுங்கி, பரப்பில் ஊசித்துளைகள் தெரியும். சான்றுப் பெட்டி இல்லாத 1939-ஐ எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பெட்டியிலும் போலி வருகிறது. சான்று எண்ணை, சான்று தந்த நிறுவனமான என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தில் உள்ள கீறலும் கறையும் கையில் உள்ள காசில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒற்றைவிளக்கு:
ஒன்று விட்டுப்போச்சு. விலை பேசும் முன் "இதையே அடுத்த மாதம் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். சாதாரண ஆண்டுக்குச் சொன்ன விலையில் 70% வரை வந்தால் பரவாயில்லை. உருக்கு விலைதான் தருவேன் என்றால் அவர் எழுதிய "எக்ஸ்எஃப்"-ஐ அவரே நம்பவில்லை. வாங்கிய காசை மெத்தென்ற பிவிசி உறையில் தந்தால் அன்றைக்கே மைலார் (பிவிசி கலக்காத பாலியெஸ்டர்) உறைக்கு மாற்றிவிடுங்கள். பிவிசி-யில் கிடந்தால் பச்சைப் பிசுபிசுப்பு ஏறி, யுஎன்சி விலை கொடுத்த காசு விஎஃப் விலைக்கு வந்துவிடும்.