புதுப்பிப்பு: ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாட்டு கேட்டிருந்தேனே

கடலூர் முதுநகரில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், என்ன பாட்டு போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் போட்ட வேகப் பாட்டுக்குப் பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போட்டதோடு சரி.

கடைசியில் அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' எடுத்தேன். 1987 ஆல்பத்தில் உள்ளது, வாத்தியமே இல்லாத வெறும் குரல். (1990 ரீமிக்ஸ் வேண்டாம், அதில் தாளம் சேர்ந்துவிடும்.) காலையில் காபிக் கடையில் உட்கார்ந்து கண்ணில் படுவதைச் சொல்கிறார், அவ்வளவுதான். நிகழ்காலத் தொடர்வினை திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்காரர் பாதி கப்தான் ஊற்றுகிறார் என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து, "அரை டீயா மிஸ்?"

குடையோடு ஒரு பெண் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் முத்தம், ஸ்டாக்கிங் எல்லாம் வரும்; வகுப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பிறகு கண்ணில் படுவதை அவரவர் ஐந்து வரி எழுதினார்கள். ஒரு பையனின் அப்பா துறைமுகத்தில் வலை உலர்த்துகிறார். 'drying' என்பதில் முதல் எழுத்து D மாறி T ஆகிப்போய் 'trying' என்றானதால், அப்பா வலையை 'முயன்றுகொண்டிருந்தார்'. சிவப்பு மை போட மனசு வரவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இறந்தகாலத்தில் இப்படி நிதானமான பாட்டு இருந்தால் சொல்லுங்கள்.