மறு: சைட்-ஸ்பெசிஃபிக் சிற்பம் – "தலச்சிற்பம்" சரிவருமா?

வணக்கம் ஐயா,

ஒரு குறிப்பிட்ட இடத்துக்குன்னே செஞ்ச சிற்பத்த இங்கிலீஷ்ல சைட்-ஸ்பெசிஃபிக்னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல "தலச்சிற்பம்"னு நான் சொன்னதுக்கு நீங்க எழுதின மறுப்புகளுக்குப் பதில் இது.

> "இடஞ்சார் சிற்பம்"னே வெச்சிடலாம், எளிமையா இருக்கு.

இடஞ்சார்ங்கறத மேப் வேலை பாக்கறவங்க ஸ்பேஷியலுக்கு ஏற்கனவே புழங்குறாங்க, அதுவும் போக இடத்தைச் சார்ந்துன்னா ரவுண்டானாவுல நிக்கிற எந்தச் சிலையையும் சொல்லலாம். நமக்கு வேண்டியது, பேத்து வேற ஊருக்குக் கொண்டு போனா அர்த்தமே போயிடும்ங்கறத சொல்ற சொல்லு.

கத்தாரையே எடுத்துக்குங்க. ஸெக்ரீத் பக்கம் பாலைவனத்துல அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 2014ல நிறுத்தின நாலு இரும்புத் தகடு ஒரு கிலோமீட்டருக்கு மேல வரிசையா நிக்குது, தரை மேடும் பள்ளமுமா இருக்கறதால தகடுங்க உயரம் ஒண்ணுபோல இல்ல, ஆனா உச்சி மட்டும் நாலுக்கும் ஒரே மட்டம், அதுவும் ரெண்டு பக்கமும் இருக்கற ஜிப்சம் மேட்டோட மட்டத்துக்கு! அளவு எடுத்துக் குடுத்ததே அந்த மண்ணுதான். இன்னொண்ணு தோஹாவுல சித்ரா (Sidra) மருத்துவமனை முன்னாடி பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் செஞ்ச 14 வெண்கலச் சிற்பம், கருத்தரிக்கறதுல ஆரம்பிச்சு வயித்துல புள்ள வளர்றத ஒவ்வொண்ணா காட்டி கடைசில 14 மீட்டர் உயரத்துக்குப் பொறந்த குழந்தை நிக்குது. 2013ல திறந்து, அப்புறம் வருஷக்கணக்கா மூடி வெச்சிருந்து 2018ல மறுபடி காட்டினாங்க. பிரசவத்துக்கு வர்ற பொண்ணு அதைத் தாண்டித்தான் உள்ள போகணும், அதுதான் அதோட உயிரே, ஒரு மால் வாசல்ல வெச்சா வெறும் பெரிய பொம்மை.

> திணைச்சிற்பம்?

அழகான சொல்லுதான், செர்ராவுக்கு அப்படியே பொருந்தும், ஆனா ஆஸ்பத்திரி முற்றத்துக்கு எந்தத் திணைய சொல்றது?

> தலம்னா கோயில் வாடை அடிக்குதே.

சுற்றுலாத்தலம்னு எல்லாரும் தினமும் எழுதறோமே ஐயா, அதுல யாருக்கும் அடிக்கலையே. எனக்கு இந்தச் சொல்லு பிடிச்சதே தலவிருட்சத்தாலதான், கீழ்வேளூருக்கு இலந்தைன்னா அந்த மரம் அந்தக் கோயிலோட கதையிலயே இருக்கு, அழகுக்கு வெச்சது இல்ல. அந்த ஆஸ்பத்திரியோட பேரான சித்ராங்கறதும் அந்தப் பாலைவனத்துல வளர்ற இலந்தை இனத்து மரத்தோட பேருதான்.

பேச்சுல தலைச்சிற்பம்னு காதுல விழும்னு அக்கா சொன்னது மட்டும் நியாயமான சிக்கல். கட்டுரைல முதல் தடவை வர்ற இடத்துல "தலத்துக்கே உரிய சிற்பம்"னு விரிச்சு எழுதிட்டு அதுக்கப்புறம் தலச்சிற்பம்னு சுருக்கிக்கலாம். மறுப்பு இருந்தா மாற்றுச்சொல்லோட எழுதுங்க, இல்லன்னா அகராதில ஏத்திடறேன்.