பிரெனாம் விண்கல்லும் துருவும்: என் அனுபவம்

கல்லும் இரும்பும் கலந்த விண்கல் வாங்க ஆசைப்படுபவர்கள், அது எந்த மண்ணில் கிடந்தது என்று முதலில் விசாரியுங்கள். விலையெல்லாம் அப்புறம்.

என்னிடம் இருப்பது பிரெனாம், அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்த பல்லாசைட், அதாவது இரும்புக்குள் படிகங்கள் பதிந்த விண்கல். அங்கே எலைசா கிம்பர்லி என்ற விவசாயக் குடும்பத்துப் பெண், நிலத்தில் கிடந்த கனத்த கறுப்புக் கற்களை வருடக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தார். ஊரே சிரித்தது. 1890-இல் ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, விண்கல்தான் என்று சொல்லி விலைக்கு வாங்கினார். அந்தம்மா மேல் எனக்குத் தனி மரியாதை.

மெல்லிய துண்டு அது. வெளிச்சத்தில் பிடித்தால் உலோகத்துக்கு நடுவே ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். படிகமும் இரும்பும் சேரும் ஓரத்தில்தான் வம்பே. போன மழைக்காலத்தில் ஒரு படிகத்தைச் சுற்றிக் குண்டூசித் தலையளவில் பழுப்புத் துளிகள் பூத்திருந்தன. துடைத்தால் சில நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தன.

மண்ணிலிருந்து விரிசல் வழியே ஏறிய குளோரைடு என்ற உப்புதான் காரணம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அரித்த பிறகும் தீர்ந்துபோகாமல் அடுத்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேலே மெருகேற்றிப் பயனில்லை. இதே விண்கல் விழுந்த ஹேவிலண்ட் பள்ளத்தை 1933-இல் விண்கல் ஆய்வாளர் நினிங்கர் தோண்டியபோது, முழுக்கத் துருவாகிப்போன கட்டிகள் ஏராளமாகக் கிடைத்தன.

உள்ளே ஏறிய குளோரைடை வெளியே இழுக்க நான் செய்தது இது. காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்து, துண்டை அதில் ஊறப்போட்டு, கரைசலை அடிக்கடி மாற்றினேன். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பிறகு வடிநீரில் நன்றாக அலசி, தண்ணீர் கலக்காத ஆல்கஹாலில் முக்கி எடுத்து, ஆவி பறந்த பிறகு மிதமான சூட்டில் காயவைத்தேன். அவசரப்பட்டுச் சூடேற்றினால் படிகம் விரிசல் விடும்.

இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. அதன் ஆரஞ்சு மணிகள் ஈரம் இழுத்துப் பச்சையானால் எடுத்துச் சூடுபடுத்தித் திரும்பப் போடுகிறேன். வெறுங்கையால் தொடுவதே இல்லை, வியர்வையிலும் உப்புதானே. எண்ணெய் பூசச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, உள்ளே இருக்கும் உப்பை எண்ணெய் என்ன செய்துவிடும்?

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு ரஷ்யாவில் கிடைத்த சேம்சான் பல்லாசைட் நல்லது, அவ்வளவாகத் துருப்பிடிக்காது. பெலாரஸில் கிடைத்த பிராகின் பல்லாசைட் வைத்திருப்பவர்கள் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். அதுவும் துருவுக்குப் பேர்போனது, அடுத்து வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.