ஒழுங்கைச் சொந்தங்கள்: முழங்கால் நோ

கிணத்தடி மாமி, காலை 6:40
பிள்ளையள், மாமாவுக்கு முழங்கால் நோகுது. முடக்கொத்தான் ரசம் எப்பிடி வைக்கிறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்.

சித்த டொக்டர் அக்கா, 6:52
முதல் என்ன வாதமெண்டு பாப்பம் மாமி. விடிய எழும்பேக்கை விறைப்பு எவ்வளவு நேரம் நிக்கும்?

கிணத்தடி மாமி, 6:54
பத்து நிமிசம். பின்னேரம் படி ஏறேக்கைதான் குத்து.

சித்த டொக்டர் அக்கா, 7:03
அப்ப தேய்மானம் போலை. விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை நிண்டு, ரெண்டு கை விரல் மூட்டும் வீங்கினால் அது முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு ரசத்தை மட்டும் நம்பி மாதக்கணக்கிலை இருந்தால் மூட்டு கோணிப்போம். ரத்தம் சோதிச்சு மருந்து தொடங்கோணும்.

ரசத்துக்கு: இளம் இலை ஒரு பிடி, தண்டை நீக்கி அரையுங்கோ. மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, மல்லி ரெண்டு, உள்ளி 4 பல்லு இடிச்சு, நெல்லிக்காயளவு பழப்புளி கரைச்ச 3 கப் தண்ணியிலை கொதிக்க விடுங்கோ. அரைச்ச இலையைக் கடைசியிலை போட்டு, நுரை கட்டின உடனை இறக்குங்கோ. கனக்கக் கொதிச்சால் கைக்கும். கிழமைக்கு ரெண்டு தரம் காணும், கூடினால் வயித்தாலை போகும்.

மூலை வீட்டு அண்ணை, 7:10
எருக்கலை இலையைச் சுட்டுக் கட்டினால்?

சித்த டொக்டர் அக்கா, 7:16
வேண்டாம் அண்ணை. அந்தப் பால் தோலிலை பட்டால் கொப்புளிக்கும், கண்ணிலை பட்டால் கருவிழிக்குப் பழுது. நொச்சி இலையும் ஆமணக்கம் இலையும் நறுக்கி, ஈரம் போகத் துடைச்சு, நல்லெண்ணெயிலை வதக்கித் துணியிலை முடிஞ்சு ஒத்தணம் பிடியுங்கோ. 15 நிமிசம். ஈர இலையெண்டால் எண்ணெய் தெறிக்கும், பொட்டளியிலை நிண்ட ஆவி தோலைச் சுடும்.

சலரோகக்காரருக்குக் காலிலை உணர்ச்சி குறைவாயிருக்கும், வெந்தாலும் தெரியாது. வேறை ஆள் தன்ரை மணிக்கட்டிலை வைச்சுப் பாத்திட்டுத்தான் பிடிக்கோணும். சிவந்து கொதிக்கிற மூட்டுக்கு ஒத்தணமே வேண்டாம், ஐஸைத் துவாயிலை சுத்தி வையுங்கோ.

பிசியோ தம்பி, 7:31
இலையைவிட மாமாவுக்குத் தொடைத் தசை முக்கியம் மாமி. காலை நீட்டி இருக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழை துவாயைச் சுருட்டி வையுங்கோ. அதை முழங்காலாலை கீழை அமத்தி 5 எண்ணி விடோணும். ஒவ்வொரு காலும் 10 தரம், காலமை பின்னேரம். மூச்சை அடக்கக் கூடாது. அடுத்த நாள் நோ கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கோ, நிப்பாட்டாதேங்கோ.

உடம்பிலை 1 கிலோ குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சுமக்கிற பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும். தேங்காய் திருவுற திருவலையிலை குந்தி இருக்கிறதையும் விடோணும். பொல்லு பிடிக்கிறதெண்டால் நோகிற காலுக்கு மற்றப் பக்கக் கையிலை. கனபேர் மாறித்தான் பிடிக்கினம்.

மூலை வீட்டு அண்ணை, 7:38
மீன் சாப்பிடலாமோ? எனக்கு ரத்தத்திலை யூரிக் அசிட் கூடித்தான் மூட்டு நோகுதெண்டு சொல்லியிருக்கு.

சித்த டொக்டர் அக்கா, 7:47
அங்கைதான் சிக்கல். சாளை, சூடையிலை இருக்கிற எண்ணெய் முடக்குவாதக்காரருக்கு நல்லம். உங்களுக்கு அதே மீன் யூரிக் அசிட்டைக் கூட்டும். நெத்தலி, ஈரல், இறால், பியர், கள்ளு, இனிப்புச் சோடா எல்லாம் குறையுங்கோ. பருப்பையும் கீரையையும் வீணாத் தள்ளி வையாதேங்கோ, அதுகளாலை பெரிசா ஒண்டும் கூடாது. டொக்டர் தந்த குளிசையை நோ போட்டுதெண்டு நீங்களா விடக் கூடாது.

கிணத்தடி மாமி, 7:50
மஞ்சள்?

சித்த டொக்டர் அக்கா, 7:55
வெந்நீரிலை தனியக் கலக்கினால் உடம்பிலை அவ்வளவாச் சேராது. மிளகும் எண்ணெயும் சேரக் கறியிலை போடுங்கோ. ரத்தம் உறையாமல் வாபரின் எடுக்கிறவை மஞ்சள் குளிசை பக்கம் போகக் கூடாது.

கிணத்தடி மாமி, 8:02
சரி பிள்ளை. ஞாயிறு கூழ் காய்ச்சுறன். அண்ணைக்கு இறால், நண்டு போட முதல் ஒரு சட்டி எடுத்து வைக்கிறன்.

மூலை வீட்டு அண்ணை, 8:03
பலாக்கொட்டையும் பயத்தங்காயும் கூடப் போடுங்கோ மாமி.