இரவு ஷிப்ட்டில் ஜெப நேரம் நிலைக்கவில்லை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு வாரம் மாற்றி வாரம் பகல், இரவு ஷிப்ட். பகல் வாரம் பரவாயில்லை. இரவு வாரத்தில் வேலை முடிந்து வந்து முழங்காலிட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். அதைவிடக் கவலை, அந்த வாரங்களில் சிடுசிடுப்பு கூடிவிடுகிறது. கூட வேலை செய்பவரிடம் வெடுக்கென்று பேசிய பிறகுதான் உறைக்கிறது.

போனில் அலாரம் வைத்தேன், கை தானாக அணைத்துவிடுகிறது. ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் (பைபிள்) வாசிக்கும் திட்டமும் எடுத்தேன். மொத்தம் 1189 அதிகாரம், ஒரு வாரம் விட்டாலே மலைபோல் சேர்ந்துவிடுகிறது. வேதாகமத்தில் வரும் தானியேலைப் போல (தானியேல் 6:10) மூன்று வேளை ஜெபிக்கப் பார்த்தேன். அவருக்கு நைட் ஷிப்ட் இல்லையே! இடைவேளையில் ஒரு சங்கீதம் வாசிப்பது மட்டும் ஓரளவு நிற்கிறது, அதுவும் 117 மாதிரி இரண்டே வசனம் என்றால்.

சீக்கிரம் தூங்கி அதிகாலையில் எழும்புங்கள் என்ற ஆலோசனை எனக்குப் பொருந்தாது. மாற்கு 13:35ல் விழித்திருக்கச் சொல்லும்போது சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று நாலு ஜாமமும் வருகிறது. அதனால் இரவுக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் விசுவாசிகள் சொல்லுங்கள்: கடிகாரத்தை நம்பாமல், அன்றாடம் நீங்கள் செய்யும் எந்த வேலையோடு ஜெபத்தைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?