வளவு வீட்டார் குழு: திங்கக்கிழமை மீனா சிக்ரிக்குப் போறா

வெள்ளி

மீனா (இரவு 7:42): எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான சேதி. காரைக்குடி சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, இன்டர்ன்ஷிப் கெடச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும். பேட்டரி லேப், ஒரு மேடம்கிட்ட வேலை.

அம்மா: முருகா! ஞாயித்துக்கிழமை பிள்ளையார்பட்டி போயிட்டு வந்துருவோம்.

ஐயா: ரொம்ப சந்தோஷம் ஆத்தா. அந்த எடத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாக. 1948 ஜூலை 25ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாக. 1953 ஜனவரியில ராதாகிருஷ்ணன் தொறந்து வச்சாக. நம்ம வீட்டுலேருந்து அங்க வேலை கத்துக்கப் போற மொத ஆள் நீதான்.

மீனா: அதான் ஐயா பயமா இருக்கு. அங்க எல்லாரும் பிஎச்.டி. நான் எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம். நல்ல பேர் எடுக்கணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க.

முத்து அண்ணன்: வாயத் தொறந்து பேசணும் மீனு. மீட்டிங்னா மொத ஆளா கேள்வி கேளு. சும்மா ஒக்காந்திருந்தா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க.

லெட்சுமி ஆச்சி (மீனாவுக்கு அக்கா முறை): முத்து, அதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்க கம்பெனிக்கு வருஷா வருஷம் வர்ற இன்டர்ன் பிள்ளைகளை நான்தான் பாத்துக்கறேன். பேச்சுல அசத்துன பிள்ளைக பேரு எனக்கு மறந்துபோச்சு. ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்ல வைக்காத பிள்ளைக இருக்காகளே, அவுகளை இன்னைக்கும் நெனப்பிருக்கு.

லெட்சுமி ஆச்சி: மீனு, உங்க மேடம் ஏதாவது சொன்னா "சரி மேடம்"னு மட்டும் தலையாட்டாதே. "அப்ப நான் மொதல்ல இதைச் செய்யறேன், அப்புறம் அதை. சரிதானா மேடம்?"னு திருப்பிச் சொல்லு. தப்பாப் புரிஞ்சிருந்தா அங்கேயே தெரிஞ்சிரும். இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்லயே கேளு, தயங்காதே.

மீனா: சரி ஆச்சி. நோட்டு போட்டு எழுதிக்கவா?

அயித்தை: கண்டிப்பா. பைண்டு பண்ண நோட்டா வாங்கு, ஸ்பைரல் வேணாம். பக்கத்துக்கு நம்பர் போடு, தேதி போடு, பேனாவுல எழுது. தப்பா எழுதிட்டா ஒத்தைக் கோடு போட்டு அடி, அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. லேப்ல நோட்டைப் பாத்தே ஆளை எடை போட்டுருவாக.

முத்து அண்ணன்: சரி, பேச்சை நான் விட்டுட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி மேடம் எழுதின பேப்பர் ஒண்ணாவது படிச்சிட்டுப் போ. அதுல ஒரு சந்தேகம் கேட்டா அது நல்ல கேள்விதானே?

லெட்சுமி ஆச்சி: அது நல்ல யோசனை. அதுக்கு முழுச் சம்மதம்.

அம்மா: மொத நாளுக்குச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் ஒரு டப்பாவுல போட்டுத் தர்றேன். மேடத்துக்குக் குடு.

லெட்சுமி ஆச்சி: சின்னம்மா, மொத நாளே வேணாம். காரியம் சாதிக்கக் குடுக்கற மாதிரி ஆயிரும். முடியற அன்னைக்கு லேப்ல எல்லாருக்குமாக் குடுத்து விடுங்க. கண்ணாடிச் சாமான் கழுவிக் குடுக்கற அண்ணனையும் சேத்து.

அப்பத்தா: நல்ல பட்டுப் பாவாடை தாவணி கட்டிக்கிட்டுப் போகட்டும்.

அயித்தை: ஆத்தா, லேப்ல பட்டு கூடாது. பருத்திச் சுடிதார், ஷாலைப் பின் பண்ணிக்கணும். நைலான், பாலியஸ்டர் நெருப்புப் பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். காலை மூடுன செருப்பு. முடியை இறுக்கிக் கட்டிக்க மீனு. வளையலைக் கழட்டி வச்சிட்டுப் போ.

அப்பா: உள்ள போனதும் ஒரு போட்டோ எடுத்து இங்க போடு கண்ணு. கண்ணாடி போட்டு, கோட் போட்டு.

லெட்சுமி ஆச்சி: சித்தப்பா, கேட்டுத்தான் எடுக்கணும். மேசையில இருக்கற கிராஃப், ஸ்கிரீன்ல இருக்கற கணக்கு எல்லாம் இன்னும் வெளியில வராத ஆராய்ச்சி. பின்னால ஒரு ஓரத்துல விழுந்தாலும் தப்பு. வாசல்ல போர்டுகிட்ட நின்னு எடுத்துக்கட்டும்.

அப்பா: சரிம்மா. வாசல்லயே போதும்.

ஐயா: மீனு, என் அப்பச்சி பர்மாவுக்கு, அங்க இருந்த வட்டிக்கடைக்கு, பெட்டியடிப் பையனாப் போனாக, அதாவது எடுபிடியா. மொதல்ல பெட்டியடி, அப்புறம் மேலாளுக்கு உதவியா அடுத்தாள், அதுக்கப்புறம்தான் கடையை நடத்தற மேலாள். போனா மூணு வருஷம் கழிச்சுத்தான் ஊரு. மேலாள் கணக்கு எழுதறதைப் பக்கத்துல ஒக்காந்து பாத்துப் பாத்தே கத்துக்கிட்டாக. ஐந்தொகை, அதான் வரவு செலவு இருப்புக் கணக்கு, சரியா வரலைன்னா மறைக்காம அன்னைக்கே சொல்லிரணும்னு எங்ககிட்ட அடிக்கடி சொல்லுவாக. பணம் போனாக் கூட மன்னிச்சிருவாகளாம், மறைச்சா மன்னிக்க மாட்டாகளாம்.

லெட்சுமி ஆச்சி: ஐயா, நீங்க சொல்றதுதான் எங்க ஆபீஸ்லயும். ஒரு பையன் சோதனை மெஷின்ல மாட்டற ரெண்டு பேட்டரி செல்லுக்கு லேபிளை மாத்தி ஒட்டிட்டான். யாரும் கண்டுபிடிக்கல. மறுநாள் காலையில அவனே வந்து, "நேத்து மூணாவது சேனல்லயும் நாலாவது சேனல்லயும் செல் மாறிருச்சு, இந்த மணியிலேருந்து வந்த கணக்கு எல்லாத்தையும் மாத்திப் படிக்கணும்"னு எழுதிக் குடுத்தான். எங்க மேனேஜர் அந்தக் காகிதத்தைப் பத்திரமா ஃபைல்ல வச்சாரு. அந்தப் பையனுக்கு அப்புறம் அங்கேயே வேலை குடுத்தாக.

திங்கள்

மீனா (மாலை 6:55): வந்துட்டேன். மேடம் நல்லவங்க. இன்னைக்குப் பூரா எலெக்ட்ரோடு, அதான் கரைசலுக்குள்ள மின்சாரம் போய் வர்ற முனை, அதைப் பாலிஷ் பண்ற வேலைதான். கண்ணாடிக் கார்பன் எலெக்ட்ரோடை அலுமினாத் தூள் கலந்த தண்ணியில, பேடு மேல எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்க்கணும். கை வலிக்குது.

முத்து அண்ணன்: எம்.எஸ்சி. படிச்ச பிள்ளைக்கு இந்த வேலையா?

அயித்தை: முத்து, அதுதான் தம்பி மொத வேலை. எலெக்ட்ரோடு முகம் சுத்தமா இல்லைன்னா அதுக்கு மேல எடுக்கற அளவு எல்லாமே பொய். அந்த வேலையை இவகிட்ட குடுத்திருக்காகன்னா நம்பிக் குடுத்திருக்காக.

மீனா: முடிச்சதும் மேடம் சொன்ன மாதிரி ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடை (மத்த எலெக்ட்ரோடோட மின்னழுத்தத்தை இதை வச்சுத்தான் அளப்பாங்க) பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல போட்டு வச்சேன். பக்கத்துல ஒரு அண்ணனோடது காஞ்சு போய் வெளியிலயே கெடந்துச்சு. கேட்டுட்டு அதையும் எடுத்துப் போட்டேன். கெளம்பறப்ப மேடம் மேசையைப் பாத்துட்டு, "நாளைக்கு செல் கட்டறதைக் காட்டறேன், க்ளவ் பாக்ஸ் பக்கத்துல வந்து நில்லு"ன்னாங்க! அது வெளிக்காத்து படாம, கையுறை வழியா உள்ள கைவிட்டு வேலை செய்யற மூடுன பெட்டி.

லெட்சுமி ஆச்சி: கேட்டுட்டுப் போட்டே பாரு, அதுதான் மீனு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு வாரம் கழிச்சு நீயே மேடத்துகிட்ட போயி "நான் எதை மாத்திக்கணும்?"னு கேளு. கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதே, அப்பச் சொன்னா திருத்திக்க நேரம் இருக்காது. சர்டிபிகேட்டும் அப்படித்தான், ஒரு வாரம் முன்னாடியே கேட்டு வை.

அம்மா: கைக்கு எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கேன். வா.

மீனா: வர்றேன்மா. அயித்தை, ஒரே ஒரு சந்தேகம். எவ்வளவு தேய்ச்சும் ஒரு எலெக்ட்ரோடுல கீறல் போகவே இல்ல. 0.05 மைக்ரான் தூள்தான் போட்டேன்.

அயித்தை: ஆழமான கீறலுக்கு அது பத்தாது. 1 மைக்ரான்ல ஆரம்பிச்சு, 0.3, அப்புறம் 0.05. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேடு, நடுவுல நல்லாக் கழுவணும். இல்லைன்னா பெரிய தூளு ஒட்டிக்கிட்டு வந்து திரும்பக் கீறிரும். ஆனா நாளைக்குக் காலையில மேடத்துகிட்ட அந்தக் கீறலைக் காட்டிட்டு அப்புறம் தொடு.