தட்டினா நல்ல சத்தம்தான், ஆனா சூடு தின்ன பேனல்: உங்களுக்கு நடந்திருக்கா?

பிசின்கை
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது, அதான் எழுதறேன். வளைகுடாவுல ஒரு விமான ஹேங்கர், பேர் வேண்டாம். ப்ளீட் ஏர் குழாய்ல, அதான் இன்ஜின்ல இருந்து சூடு காத்து வர்ற குழாய்ல, ஒரு கிளாம்ப் லீக். பக்கத்து கார்பன் பேனல் (கார்பன் நார் அடுக்குகளை எபாக்ஸி பிசின்ல ஒட்டினது) மேல எவ்வளவு நாளா சூடு காத்து அடிச்சுதுன்னு யாருக்கும் தெரியல. பெயிண்ட்ல உள்ளங்கை அகலத்துக்கு டீக்கறை மாதிரி. அவ்வளவுதான். கொப்புளம் இல்ல, வீக்கம் இல்ல. காசால தட்டினேன், கணீர்னு இருந்துச்சு, பிரிஞ்ச இடம்னா 'தொப்'னு கேக்கும். அல்ட்ராசோனிக் வெச்சாங்க, சுத்தம். 'டிலாமினேஷன் இல்ல, அடுக்கு எதுவும் பிரியல, பெயிண்ட் அடிச்சு மூடு'ன்னுட்டார் ஷிப்ட் இன்சார்ஜ்.

தேய்க்கும்போதுதான் அந்த வாடை. எபாக்ஸி தூசிக்குன்னு ஒரு வாடை உண்டு, இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். இது அது இல்ல. அடிப்பிடிச்ச பால். சொன்னேன், யாரும் கண்டுக்கல. கடைசில பேனலை மாத்தினாங்க, ஆனா என் மூக்குக்காக இல்ல, ஓரத்துல ஒரு ஃபாஸ்ட்னர் ஓட்டை நீண்டுபோயிருந்துச்சு. ஸ்கிராப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு அறுத்தேன். கறை இருந்த பக்கம் பேனாக்கத்தி முனையை வெச்சு லேசா நெம்பினேன். வாழைப்பட்டை மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. நல்ல பக்கம் அதே கத்தி முனைதான் வளைஞ்சுது.

அந்த ஓட்டை நீளாம இருந்திருந்தா நானே மூடிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சேலம்சக்கரம்
நான் ஏரோப்ளேன் ஆள் இல்லைங்க, சைக்கிள். கொல்லிமலை, 70 கொண்டை ஊசி. இறங்கும்போது முன்னாடி ஒரு லாரி, பிரேக்கை விடவே முடியல. கார்பன் ரிம், அதுல ரிம் பிரேக். அலுமினியம் மாதிரி கார்பன் ரிம் சூட்டை வேகமாப் பரப்பி விடாது, பிரேக் கட்டை தேய்க்கிற இடத்துலயே தேங்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாதி வளைவு தாண்டினதும் பிரேக் லீவர் ஒரு சுத்துக்கு ஒரு தடவை விரலை உதைக்குது. டக். டக். டக். நிறுத்தி ரிம்மைத் தடவினா ஒரு இடத்துல கொசு கடிச்ச தடிப்பு மாதிரி வீங்கியிருக்கு. விரலும் சுட்டுப்போச்சு. காசால தட்டினேன், அங்க மட்டும் 'தொப்'. மிச்ச தூரம் சைக்கிளை உருட்டிக்கிட்டே இறங்கினேனுங்க.

அதனால தட்டிப் பாக்கறது வேஸ்ட்டுன்னு மேல சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். என்னைக் காப்பாத்துனது ஒத்தை ரூபாய்க் காசு.

பிசின்கை
வேஸ்ட்டுன்னு நான் சொல்லவே இல்லையே. உங்க ரிம் ஏற்கெனவே பிரிஞ்சு வீங்கியாச்சு, விரலே கண்டுபிடிச்சிருச்சு. காசு சாட்சிக்குத்தான் வந்துச்சு. பிரியறதுக்கு முன்னாடியே பிசின் செத்துப்போற நிலை ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத்தான் சொல்றேன். அங்க காசும் கணீர்னுதான் பேசும்.

ஆரல்காத்து
முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி இறக்கை வேலை, கயித்துல தொங்கிக்கிட்டுதான் பாக்கது. ஒரு ஐப்பசியில இடி விழுந்த இறக்கை. நுனிகிட்ட மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி, டிரோன் போட்டோவுலயும் அதுதான். கூட வந்த அண்ணாச்சி 'புள்ளிய நம்பாதல'ன்னு சொல்லிட்டு மேல்பூச்சைத் தேச்சு எடுத்தாரு. இது கண்ணாடியிழைல்லா, டார்ச்ச ஒட்ட வெச்சா உள்ளுக்குள்ள வெளிச்சம் ஓடும். நல்ல இடம் தேன் மாதிரி ஒரே சீரா இருந்துது. புள்ளிக்குக் கீழ வெள்ளையா பூத்திருக்கு, அதுக்கும் உள்ள, இடிக்கம்பி போற தடத்துல, காப்பித்தூள் நிறத்துல மொறம் அகலத்துக்குக் கருகல். தரையில இருந்து அவ்வளவு உசரத்துல அந்த டார்ச் வெளிச்சத்தப் பாத்ததும் அடிவயித்துல ஒரு மாதிரி ஆயிட்டு. முந்தின நாள் வரைக்கும் அது சுத்திக்கிட்டுதான் கிடந்துது.

கார்பன்காரங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. கருப்புக்குள்ள என்னத்தத் தெரியும்.

ரிப்பேர்பாய்
என்னோடது நானே பண்ணின கூத்து. ஒட்டுப் போட்ட பிசினை 121 டிகிரில இறுக வைக்கிற கியூர், வேக்குவம் பைக்கு மேல சூடு குடுக்கிற ஹீட் பிளாங்கெட் போட்டு மூடியாச்சு. பையைக் கட்டும்போது சூட்டை அளக்கிற ஒரு தெர்மோகப்பிள் ஒட்டு விட்டு, ஓரமா நழுவிக் குளிர்ச்சியான இடத்துல உக்காந்துருச்சு. கண்ட்ரோலரை அந்தத் தெர்மோகப்பிளைப் பாத்து ஓட்டச் சொல்லியிருந்தேன். அது 'இன்னும் பத்தல, இன்னும் பத்தல'ன்னு சூட்டை ஊத்துது. சார்ட் ரொம்ப அழகா வந்துச்சு. பையைப் பிரிச்சா உள்ள காத்து போக வைக்கிற ப்ரீதர் துணி இஸ்திரிப்பெட்டி சுட்ட வேட்டி மாதிரி. ரிப்பேர் பண்ணப் போன இடத்தை விடப் பெரிய ரிப்பேர் ஆச்சு. இப்பல்லாம் நிறம் மாறுற ஸ்டிக்கர் நாலஞ்சு ஒட்டாம நான் பிளாங்கெட்டையே தொடறதில்ல.

ஓய்வுஎன்டிடி
தொடரை முழுவதும் படித்தேன். முதல் பதிவில் எனக்கு ஒரு சந்தேகம். கத்தி முனைக்கு உரிகிற அளவு பிளவு இருந்தால் அல்ட்ராசோனிக் காட்டியிருக்கும். ரம்பம் போட்ட அதிர்ச்சியிலேயே அது பிளந்திருக்கலாம் அல்லவா? இருக்கட்டும்.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். அல்ட்ராசோனிக் தேடுவது இடைவெளியை. சூடு முதலில் இடைவெளி உண்டாக்குவதில்லை, பிசினின் வேதியியலை மாற்றுகிறது. நார் அப்படியே இருக்கும், நாரைப் பிடித்திருக்கும் பிசின் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் நார் வாக்கில் இழுத்துப் பார்த்தால் வலிமை பெரிதாகக் குறைந்திருக்காது, அடுக்குகளுக்கு இடையே நறுக்கும் விசையில்தான் கைவிடும். அகச்சிவப்பு ஒளியால் பிசினின் வேதியியலைப் படிக்கும் கையடக்க எஃப்டிஐஆர் கருவி இதற்குத்தான் வந்தது. எபாக்ஸி காற்றில் வெந்தால் ஆக்சிஜன் ஏறும், அகச்சிவப்பு வரைபடத்தில் கார்போனைல் மேடு, ஒரு சென்டிமீட்டருக்கு 1,720 அலைகள் பக்கம், எழும்பும். அதே பேனலின் நல்ல இடத்தில் முதலில் ஓர் அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்? பெயிண்ட்டின் மேல் வைத்தால் பெயிண்ட்டைத்தான் படிக்கும். ஒரே சீராகத் தேய்த்து, துடைத்து, பிறகு வைக்கவும். ஆழம் தெரிய ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்து ஒவ்வொரு முறையும் அளக்கவும். 'எத்தனை டிகிரி' என்று மட்டும் கேட்காதீர்கள், 'எவ்வளவு நேரம்' என்றும் கேளுங்கள். அதிகச் சூட்டில் சில நிமிடமும் குறைந்த சூட்டில் பல மணி நேரமும் ஒரே சேதத்தைச் செய்ய முடியும்.

ஹீத்ரோவில் 2013 ஜூலை 12 அன்று நின்றுகொண்டிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 787 நினைவிருக்கும். உள்ளே யாரும் இல்லை, அவசர இடங்காட்டிக் கருவியின் சின்ன லித்தியம் பேட்டரி, வாலுக்கு முன்னால் கூரைத்தோல் கருகியது. சரிசெய்து 2013 டிசம்பரில் மறுபடி பறந்தது. அப்படிப்பட்ட தீயில் கருகிய இடம் வழிப்போக்கனுக்கும் தெரியும். நல்ல இடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுகிறானே, அவனுக்குத்தான் சம்பளம்.

மேலும், துண்டு வெட்ட அனுமதி கிடைத்தால் டிஜி அளந்து பாருங்கள். அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிசின்கை
ஐயா, மரியாதையோட சொல்றேன், நான் பாடம் கேக்கல. அந்தக் கருவி எங்க ஹேங்கர்ல இல்ல. இருந்ததெல்லாம் காசு, அல்ட்ராசோனிக், என் மூக்கு. ரம்பம்தான் பிளந்துச்சுன்னா, ஒரே ரம்பம், ஒரே பிளேடு, ஒரே கை, நல்ல பக்கம் ஏன் பிளக்கல? பிளவு இருந்துச்சுன்னு நானும் சொல்லல. பிளக்கக் காத்துக்கிட்டிருந்துச்சு.

ஓய்வுஎன்டிடி
அந்தக் கடைசி வாக்கியம் சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். துண்டு இன்னும் இருக்கிறதா?

பிசின்கை
டூல்பாக்ஸ்ல, கீழ்த்தட்டுல. டேப் சுத்தி வெச்சிருக்கேன், இல்லன்னா உதிருது.

சேலம்சக்கரம்
டிஜின்னா என்னங்க? அப்புறம், என் ரிம்முக்கு வாரண்டி இல்லைன்னுட்டான். 'பிரேக்கை ரொம்ப நேரம் பிடிச்சிருக்கீங்க'ன்னு பதில். பிரேக்கைப் பிடிக்காம கொல்லிமலையை எப்படிங்க இறங்கறது?